மூன்று பேர் என்று எழுதிய வீடு

ஓக்லஹோமா
2 மார்ச் 2025

அன்புள்ள மலருக்கு,

போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் சண்டை வருகிறது, எழுதினால் கோபம் ஆறிவிடுகிறது என்று நீதான் சொன்னாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை நம் பிரியாவோடு மட்டும் பேசிவிட்டு, உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சொந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். கார் நிறுத்தும் இடத்தில் தரைக்கு அடியில் ஓர் இரும்பு அறை. டொர்னாடோ சுழல்காற்று வந்தால் ஏணியில் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ள வேண்டும். பயப்படாதே. தெற்கே கடலிலிருந்து வரும் ஈரக் காற்றும் மேற்கே மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்றும் எங்கள் தலைக்கு மேலேதான் முட்டிக்கொள்கின்றன. டெக்சாஸிலிருந்து நெப்ராஸ்கா வரை இதே கதைதான். ஏப்ரல், மே, ஜூனில்தான் மோசம். மற்றபடி மலேசியாவில் நம் சுபாங்கைவிட அமைதியான ஊர்.

பக்கத்து வீட்டில் டாரதி ஆன்டி, எழுபத்தெட்டு வயது. என் ரசத்தை சூப் என்று நினைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறார். சைரன் அடித்தால் என் அறைக்கு வாருங்கள் என்றேன். "அந்த ஏணியில் என் முழங்கால் இறங்காது ராஜன்" என்கிறார்.

தீயணைப்பு நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், பெயர் என்ன என்று எழுத வேண்டும். வீடு இடிந்தால் அதைப் பார்த்துத்தான் தோண்டுவார்களாம். ஒன்று என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீங்கள் இருவரும் வருவீர்களா, மலர்? உன் பதில் வரும்வரை படிவம் மேசையில் இருக்கும்.

உன் ராஜன்


கிள்ளான்
16 மார்ச் 2025

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

வீடு வாங்கும் முன்னே என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பால் காய்ச்சியது யார், டாரதி ஆன்டியா? நல்ல கூத்து!

பிரியாவுக்குப் பள்ளியில் உலக வரைபடம் கொடுத்து, டொர்னாடோ வரும் இடங்களுக்குச் சிவப்பு அடிக்கச் சொன்னார்கள். வங்காளதேசத்துக்குக் கொஞ்சம், அர்ஜென்டினாவுக்குக் கொஞ்சம் அடித்தாள். உங்கள் ஊர் வந்ததும் அழுத்தி அழுத்தித் தாளே கிழிந்துவிட்டது. "அப்பா ஏம்மா சிவப்புல போய் வீடு வாங்குனாரு?" என்று கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

அந்த ஊருக்குப் பிள்ளையைக் கூட்டிவர எனக்கு மனசு வரவில்லை. விமானம் பழுது பார்க்க இங்கே சுபாங் விமான நிலையத்தில் வேலையா இல்லை? இங்கே காற்றடித்தால் எதிர்வீட்டுத் துணி நம் கிரில்லில் வந்து மாட்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஐயோ, அந்தப் படிவத்தில் ஒன்று என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பெண்டாட்டி பிள்ளை உள்ள மனுஷன் ஒற்றை ஆள் என்று தன் கையாலேயே எழுதலாமா? அபசகுனம். அரிசி தீர்ந்தாலும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது, 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும் என்பார் என் அம்மா. மூன்று என்றே எழுதுங்கள். எங்கள் பெயரையும் போடுங்கள். ஆள் வராவிட்டாலும் பெயராவது அங்கே இருக்கட்டும்.

உங்கள் மலர்விழி


ஓக்லஹோமா
1 ஏப்ரல் 2025

என் மலருக்கு,

எழுதிவிட்டேன்! ராஜன், மலர்விழி, பிரியா. "எல்லாரும் இப்போது இங்கேதான் இருக்கிறார்களா?" என்று அந்த அதிகாரி கேட்டார். "வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

டாரதி ஆன்டியிடம் சொன்னேன். பிரியாவின் கட்டிலுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறாராம். உன் தையல் கடையில் மிஞ்சும் ரவிக்கைத் துண்டுகள் கொஞ்சம் அனுப்பு. ஜூன் முடிந்ததும் வந்துவிடுவீர்களா?

உன் ராஜன்


கிள்ளான்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் பட்டு, ஆன்டியைப் பார்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் வரவில்லை. டொர்னாடோவை ஒரு சாக்காகத்தான் சொன்னேன். உண்மை வேறு. மூன்று வருஷமாக, இந்த மாதம் வருவீர்கள், அடுத்த மாதம் வருவீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் அங்கே வந்துவிட்டால் நீங்கள் திரும்பவே மாட்டீர்கள். வீம்பு என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

ஆனாலும் எங்கள் பெயரை அடித்துவிடாதீர்கள். என் தலைமேல் சத்தியம்.

மலர்விழி


ஓக்லஹோமா
22 மே 2025

மலருக்கு,

நான் நலம் என்று பிரியாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

போன வாரம் டொர்னாடோ எங்கள் தெருவுக்கு வந்தது மாலை ஐந்து மணிக்கு. நான் வேலையிடத்தில் இருந்தேன். போன் இல்லை, சாலை இல்லை, இரண்டு மணி நேரம் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வீடு இல்லை. உன் ரவிக்கைத் துண்டுகள் தெரு முழுக்க வேலியில் மாட்டியிருந்தன.

என் கார் கொட்டகை இருந்த இடத்தில் தீயணைப்பு வீரர்கள் ஆறு பேர் கான்கிரீட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன், ஆறடிக்கு மேல் உயரம், மண்டியிட்டு, பள்ளத்துக்குள் வாயை வைத்து "பிரியா! பிரியா!" என்று கத்திக்கொண்டிருந்தான். கையில் அந்தப் படிவங்களைப் பார்த்து எழுதிய பட்டியல். குழந்தை இருக்கும் வீடு என்று முதலில் இங்கேதான் வந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் தோண்டியிருக்கிறார்கள்.

உள்ளே யாரும் இல்லை என்றேன். மனைவி எங்கே, குழந்தை எங்கே என்று கேட்டான். மலேசியாவில் என்றேன். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். "குழந்தை நன்றாக இருக்கிறதல்லவா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து அடுத்த வீட்டுக்கு ஓடினான்.

டாரதி ஆன்டி சமையலறைச் சுவருக்கு அடியில் இருந்தார். உடம்பில் சூடு இருந்தது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உன்மேல் பழி போடவில்லை, மலர். எழுதியது என் கைதான். நீ வர மாட்டாய் என்று தெரிந்த பிறகும் அழிக்காமல் விட்டதும் நான்தான். அந்த மூன்றைப் பார்த்துக்கொண்டே இன்னும் மூன்று வருஷம் ஆனாலும் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். இல்லாததை நிறைந்திருக்கிறது என்று சொல்லி ஓர் உயிரைக் கொன்றுவிட்டேன். ஐயோ, அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

நேற்று வேறு வீட்டுக்கு மாறினேன். தீயணைப்பு நிலையத்தில் புதுப் படிவம் தந்தார்கள். எத்தனை பேர் என்ற இடத்தில் பேனாவை வைத்தேன். இந்தத் தடவை கை வந்தது. ஒன்று என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாவோடு பேசுகிறேன். நீ பதில் எழுத வேண்டாம்.

ராஜன்