நீ குதிக்காமல் வீசிய கயிறு

இன்று காலை மழை விட்டதும் உன் கயிற்றுப் பையைப் பால்கனியில் பிரித்துக் காயப் போட்டேன். ஈர நைலான் வாசனை எழுந்ததும் நீயும் வந்துவிட்டாய்.

நெய்வேலியில் ஒரே பிளாக்கில் வளர்ந்தோம். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். நீ ரிஷிகேஷ் போய் ராஃப்டிங் கைடு ஆனாய். கங்கையில் ரப்பர் படகு ஓட்டுகிறாய் என்று உன் அப்பா ஷிஃப்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். ஆற்றில் விழுந்தவர்களுக்கு வீச நீளக் கயிறு அடைத்து வைத்திருக்கும் இந்தப் பை, லீவுக்கு வந்தாலும் உன் இடுப்பை விட்டு இறங்காது.

"கடைக்குப் போக இது எதுக்குடி?"

"தண்ணி சொல்லிட்டா வருது?" என்பாய்.

அந்த ஐப்பசியில், வளையமாதேவியிலிருந்த உன் சித்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியில் பாலத்துக்கு மேல் வெள்ளம் போனது. வடியட்டும் என்று வண்டியை நிறுத்திவிட்டுக் கரையில் நின்றோம். என் காலடியில் கரை சரிந்தது.

வாயெல்லாம் சேற்றுத்தண்ணீர். "குதிம்மா, புடிம்மா!" என்று யாரோ உன்னைப் பார்த்துக் கத்தினார்கள். நீ குதிக்கவில்லை. கரையோடு ஓடி, என்னை முந்திப்போய் நின்று, கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பையை வீசினாய். எட்டவில்லை. இழுத்து மறுபடி வீசினாய். கயிறு என் கைக்குச் சிக்கியது.

"கைல சுத்தாதடி! நெஞ்சோட புடிச்சிகினு மல்லாக்கப் படு!"

படுத்தேன். நீ தரையில் உட்கார்ந்து குதிகாலை ஊன்றிக்கொண்டாய். கயிறு விறைத்தது, இழுத்துப்போன வெள்ளமே என்னைக் கரைப்பக்கம் ஒதுக்கிவிட்டது.

"வயிறு வலிக்குதா?" அதுதான் உன் முதல் கேள்வி. நான் உண்டாகியிருப்பதை உனக்கு மட்டுந்தான் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டபோது என்னைவிட நீதான் அதிகம் அழுதாய்.

"ஏன்டி குதிக்கல?" என்று அப்புறம் கேட்டேன்.

"நானும் வுழுந்துட்டா உன்ன யாரு இழுக்கறது?"

அத்தனை ஆறுகளும் உன்னை விட்டுவைத்தன. போன வருடம் ஒரு காமாலை கொண்டுபோய்விட்டது. உன் அம்மா பையை என்னிடம் கொடுத்து, "நீயே வெச்சிக்கம்மா" என்றார்.

மகளுக்கு உன் பெயரை வைத்தபோது, "வேணாம்டி, நீ கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாப்போம்" என்று சிரித்தாய். இப்போது கூப்பிட்டால் ஒருத்திதான் திரும்புகிறாள். அவள் திரும்பும் ஒவ்வொரு முறையும் உனக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.