வாயாடிக்குப் பரீட்சை

பிப்ரவரி 11

அன்புள்ள கண்டக்டர் ஐயாவுக்கு,

உங்க வாயாடி எழுதுறது. இந்த வெளிநாட்டுக் குளிர்ல நானும் என் ஜலதோஷமும் நலம். நம்ம பாப்பா தலை சீவ அடம் பிடிக்கிறாளா?

மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில தோத்துட்டேன். ஆஸ்பத்திரியில பேசுற இங்கிலீஷை டேப்ல போட்டு, கேட்டதும் தமிழ்ல சொல்லச் சொன்னாங்க. எல்லாம் ‘ரன்’ பண்ண வினை. ‘ரன்னிங் லேட்’னு வந்துச்சு; நர்ஸ் வர நேரமாகும்னு சொல்ல வேண்டிய இடத்துல, “நர்ஸ் லேட்டா ஓடி வர்றாங்க”ன்னேன். ‘ரன்னிங் எ ஃபீவர்’னா குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்குதுன்னு அர்த்தமாம், நான் “காய்ச்சலை ஓட்டுது”ன்னேன். பரீட்சை வைச்ச அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. சிரிப்பை அடக்கத்தான்.

ரன்னுன்னா ஓடுறதுன்னுதானே பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்க? ரூமுக்கு வந்து அழுதேன். ஏப்ரல்ல இன்னொரு தடவை எழுதலாமாம்.

உங்க,
வாயாடி

பிப்ரவரி 26

அன்புள்ள வாயாடிக்கு,

பாப்பாவுக்கு முடியை வெட்டி விட்டாச்சு, சண்டை ஓய்ஞ்சது.

நம்ம பேச்சு மட்டும் என்ன ஒழுங்கா? காலையில சட்டை போடுறேன், பஸ்ல டிக்கெட் போடுறேன், சில்லறைக்குச் சண்டை போடுறேன், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுறேன். டிப்போ பூனை நாலு குட்டி போட்டிருக்கு. வெளியூர்க்காரன் கேட்டா பைத்தியமாயிடுவான். வார்த்தையை மட்டும் பார்க்காதே, யாரு, எதை, எதுக்குன்னு சேர்த்துப் பாரு.

முடியலைன்னா வந்துடு. யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா பாதி வழியில இறக்கி விட்டுடுவேன்.

உன்,
கண்டக்டர்

மே 2

அன்புள்ள உங்களுக்கு,

“வந்துடு”ன்னு எழுதினதுக்குக் கோபம். அதான் இத்தனை நாள் எழுதல. இப்ப எழுதாம இருக்க முடியல.

பாஸாயிட்டேன். ரெண்டு வாரமா பெரிய ஆஸ்பத்திரியில வேலை. நேத்து நடந்ததைக் கேளுங்க.

ஒரு பெரியவருக்கு வயித்துல ஆபரேஷன். அவர் வீட்டம்மா கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. டாக்டர் பாவம், அமைதியாத்தான் சொல்லியிருக்கார், அவரை ‘புட் அண்டர்’ பண்ணப் போறோம்னு. அந்தம்மாவுக்கு புட்டும் தெரியும், அண்டரும் தெரியும். “கீழே போடப் போறாங்களாம், மண்ணுக்குள்ள. உசிரோட இருக்கறவரை எப்படிம்மா போடுவாங்க?”ன்னு என்கிட்ட கேட்டாங்க.

எனக்குச் சிரிப்பு வரல. இங்க வந்த புதுசுல நானும் இப்படித்தானே நின்னேன். பக்கத்துல உட்கார்ந்து, “மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாம இருக்கச் செய்யுறதுக்கு அப்படிச் சொல்றாங்கம்மா”ன்னேன்.

“அப்புறம் எழுப்பிடுவாங்கல்ல?”

டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் அந்தம்மா கண்ணைப் பார்த்தே பதில் சொன்னார். அதைத் தமிழ்ல சொன்னேன்: “நானே பக்கத்துல நின்னு எழுப்புறேன்.”

அந்தம்மா கட்டிலை விட்டாங்க. சாயங்காலம் அவர் கண்ணு முழிச்சு முதல்ல கேட்டது, “என் பல்செட் எங்க?” அதையும் நான்தான் இங்கிலீஷ்ல சொன்னேன்.

இனிமே திரும்பி வரச் சொல்லாதீங்க. எனக்கு இங்க வேலை இருக்கு.

உங்க,
வாயாடி

மே 20

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை டிப்போவுல சத்தமா வாசிச்சேன். டைம்கீப்பர் வண்டியை விடாம நின்னு கேட்டாரு. அஞ்சாம் நம்பர் பஸ் இன்னிக்கு லேட்டுன்னா அதுக்கு நீதான் காரணம். பல்செட் கட்டம் வந்ததும் டிரைவர் அண்ணன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “தூசி”ன்னாரு.

பாப்பா வகுப்புல எழுந்து, “எங்கம்மா டாக்டருக்கே பேசிக் கொடுப்பாங்க”ன்னு சொல்லியிருக்கா. அவ டீச்சர் என்னை வரச் சொன்னாங்க. ஏதோ சேட்டை பண்ணிட்டாள்னு போனேன். அவங்க என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க.

உன்னை வரச் சொல்ல மாட்டேன். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல டிசி கேட்டிருக்கேன். டிப்போவுல வேலையை விடுறேன்னு எழுதிக் கொடுத்தாச்சு. நாங்க அங்க வர்றோம்.

எனக்கு அங்க என்ன வேலை கிடைக்கும்னு தெரியல. கிடைக்கிற வரைக்கும் யாராவது நீங்க யாருன்னு கேட்டா, மொழிபெயர்ப்பாளரம்மா வீட்டுக்காரர்னு சொல்லிக்குவேன். அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு மட்டும் எழுதி அனுப்பு.

உன்,
வீட்டுக்காரர்