கடைசி வரியில் உன் அண்ணன் கடை

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த என்னிடம் உன் மகள் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "ஆன்டி, அம்மா அலமாரியில இருந்துச்சு. உங்க பேரு எழுதியிருக்குலா." உள்ளே அந்துருண்டை வாசனையோடு, ஓரத்தில் துளை போட்ட நீளமான பிரிண்டர் தாள். கிள்ளான் ஆபீசின் பழைய ஃபயர்வால் விதிகள். தொலைந்துவிட்டதாக நீ சொன்ன அதே தாள்.

துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் அறை என்றால் நாம் இரண்டு பேர்தான். வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் அந்த ஃபயர்வால் விதிகளைப் பழைய யூனிக்ஸ் மெஷினில் வரி வரியாக எழுதியவள் நீ. நீ சுபாங் ஜெயாவில் வேறொரு சரக்கு கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகு, அவற்றைப் புது லினக்ஸ் மெஷினுக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரிசை மாறாமல் எழுதினேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். எதில் கை வைத்தாலும் அப்படிப் போடுவது அந்த ஆபீஸ் வழக்கம்.

காலையில் மெஷினை மாற்றியதும் மொத்த ஆபீசும் நின்றுவிட்டது. கிளார்க்குகள் என் கதவைத் தட்டிக் கத்தினார்கள். உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்தாய்.

"அப்படியே காப்பி பண்ணிட்டியா? பழசு எல்லா வரியும் படிச்சிட்டு, கடைசியா எது பொருந்துதோ அதைத்தான் கேக்கும்டீ. புதுசு முதல்ல பொருந்துனதோட நின்னுடும். நீ 'எல்லாத்தையும் தடு'ன்னு மேல வச்சிருக்க. தலைகீழா மாத்துலா."

மாற்றினேன். ஆபீசுக்கு உயிர் வந்தது. அன்று உன்னைக் கும்பிடாத குறைதான்.

தலைகீழாக்கியபோது அடியில் கிடந்த ஒரு வரி உச்சிக்கு வந்தது. ஒரே ஒரு முகவரிக்கு எல்லாக் கதவையும் திறந்துவிடும் வரி. இது யாருடையது என்று கேட்டேன்.

"பிரிக்பீல்ட்ஸ்ல எங்க அண்ணன் கடை இன்டர்நெட் லைன்டீ. நீ தவிச்சா நான் உள்ள வந்து பாக்கணும்ல? இருக்கட்டும்."

எனக்காக இவ்வளவு யோசித்திருக்கிறாளே என்று மனம் குளிர்ந்தது. அந்த வரிக்குப் பக்கத்திலும் என் எழுத்தைப் போட்டேன். பழைய விதிகளை நீ பிரிண்ட் எடுத்த தாள் எங்கேயோ தொலைந்துவிட்டது, பழைய டிஸ்க்கையும் அழித்துவிடு என்றாய். அழித்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

சில மாதங்களில் எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக உன் புது கம்பெனிக்குப் போனார்கள். பெயர்ப் பட்டியல் அந்த வரி வழியாகத்தான் வெளியே போயிருந்தது. மேனேஜர் என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு உன்னை ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"அப்படி ஒரு ரூல் நான் எழுதவே இல்ல சார். அவங்க போட்டிருப்பாங்க."

அவங்க! ஒரே அறையில் படுத்து, ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றை இருவரும் பங்கு போட்டுத் தின்ற என்னை அவங்க என்றாய். புது மெஷினில் அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்தது என் எழுத்து மட்டும்தான்; அன்றைக்கே வேலை போனது. திருடி என்ற பேரோடு கிள்ளானில் எந்த ஆபீஸ் படியும் ஏற முடியவில்லை. என் அம்மாவே ஒருநாள், "நெஜமா சொல்லு, நீ எடுக்கலதானே?" என்று கேட்டாள். அதற்கு உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இப்போது தாளின் கடைசி வரியைப் பார்க்கிறேன். பக்கத்தில் சிவப்பு மையில் உன் சாய்ந்த கையெழுத்து: "அண்ணன் கடை. நான் போட்டது." மேலே என் பெயர். இதைக் கிழித்துப் போட்டிருக்கலாம், நீ போடவில்லை. ஒரு தபால்தலை ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. இனி இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்? மேனேஜரும் இல்லை, அம்மாவும் இல்லை.

கிளம்பும்போது உன் மகள் கேட்டாள். "அம்மாவும் நீங்களும் ரொம்ப க்ளோஸா ஆன்டி?"

"ஆமாம்மா. ஒரே ரூம்ல இருந்தோம்" என்றேன்.

அவளுக்கு முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு அது முடியவில்லை. அந்த அறை, அந்த நாசி லெமாக், போனில் உன் சிரிப்பு என்று எல்லா வரியையும் படித்துவிட்டு, பழைய மெஷினைப் போலக் கடைசி வரியிலேயே வந்து நிற்கிறேன்.