இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொன்னாய்

படூர்,
ஞாயிறு காலை

தம்பி சரவணகுமாருக்கு,

அக்கா வைஷாலி எழுதுகிறேன். கருங்குழியில் அப்பாவும் அம்மாவும் நலம். மழையில் பின்சுவர் ஊறிவிட்டது. அப்பா கொத்தனார் தேடிக்கொண்டிருக்கிறார். நீ போனைப் பாதியில் வைத்துவிட்டதால் எழுத வேண்டியிருக்கிறது. எழுத்தென்றால் குறுக்கே பேசமாட்டாய்.

முட்டுக்காட்டு ஜெபாவை நினைவிருக்கும். என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவள் கொண்டுவரும் இறாலை ஒரு கை பார்த்தவன் நீ. கழிமுகத்தில் மண் கொட்டி நிரப்புவதை எதிர்த்து அவள் ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் அவள் போனில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. யார் கூட்டத்துக்கு வந்தார்கள், சாட்சி சொல்ல யார் ஒப்புக்கொண்டார்கள், எல்லாம். புருஷனைப் பிரிந்திருக்கும் தங்கையோடு அவள் அழுது பேசிய பதிவு ஊர் முழுக்கச் சுற்றியது. இவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று கூட இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் வந்து போனை மேஜைமேல் வைத்தாள். "நான் யாருக்கும் எதையும் அனுப்பல வைஷாலி. உள்ள எவன் பூந்துகினு கீறான்னு பாத்துச் சொல்லு" என்றாள்.

பார்த்தேன். அம்மாவுக்குப் புரியவைப்பதுபோலவே உனக்கும் சொல்கிறேன். போனில் எந்த ஆப் எதைத் தொடலாம் என்று முடிவு செய்வது கெர்னல். ஒரு வேலை முடிந்ததும் அது நினைவகத்தில் பிடித்திருந்த இடத்தைக் கெர்னல் காலி செய்துவிடும். ஒரே ஒரு பகுதியில் மட்டும், காலி செய்த பிறகும் பழைய ஆளிடம் சாவி தங்கிவிடுகிறது. அதை வைத்து உள்ளே வருகிறவனுக்கு முழு போனும் திறந்துவிடும். இதை நான் தேட வேண்டியிருக்கவில்லை. போன தீபாவளிக்கு நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதே ஓட்டையை எனக்குக் காட்டியவன் நீதானே. கெர்னலைப் பராமரிக்கிறவர்களுக்கு உடனே எழுது என்றேன். எழுதிவிட்டேன் என்றாய். கெர்னலில் நான் வேலை செய்யும் பகுதி அல்ல, வேறு குழுவுடையது என்பதால் நானும் அதோடு விட்டேன். அடுத்த மாதமே உனக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது. அப்பா தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தார்.

அந்த ஓட்டையை அடைக்க இப்போது நான் அனுப்பிய திருத்தம் நாலைந்து வரிதான். ஓட்டை இருப்பது வெளியே தெரியாமலிருக்க, கூட எழுதிய குறிப்பில் பாதுகாப்பு என்ற சொல்லே கிடையாது. ஏதோ சின்னப் பிழை என்பதுபோல எழுதியிருந்தேன். மறுநாளே கூப்பிட்டாய். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குக்கூடக் கூப்பிடாதவன். "ரெண்டு மாசம் தள்ளிப்போடுக்கா. இன்னா குடி முழுகிடப் போவுது" என்றாய். அதுவரை, வேறு யாராவது கண்டுபிடித்திருக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அதை நீயே தீர்த்துவைத்தாய்.

மாட்டேன் என்றதும், திருத்தங்களை எல்லோரும் விவாதிக்கும் பொது மின்னஞ்சல் பட்டியலில் வேறு பெயரில் ஒரு மறுப்பு வந்தது. இந்தத் திருத்தம் எல்லாவற்றையும் மெதுவாக்கிவிடுமாம். சரவணா, திருட்டுத்தனத்துக்கும் ஒரு திறமை வேண்டாமா? அளந்துகூடப் பார்க்காமல் எழுதியிருந்தாய். நான் அளந்து போட்டேன், வித்தியாசமே இல்லை. அந்தப் பகுதியின் பொறுப்பாளர் ஒரே வரியில் உன்னை ஒதுக்கிவிட்டு என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படும் அளவுக்கு நீ இல்லை.

நீ கொடுத்த ஓட்டையை உன் கம்பெனி யாருக்கு விற்கிறது என்று உனக்கெப்படித் தெரியும் என்று போனில் கேட்டாய். தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தானே உனக்குச் சம்பளம்.

முட்டுக்காட்டுப் பெண்களிடம் நானே போய் ஜெபாவின் போனைக் காட்டி விளக்கினேன். பாதிப் பேர் நம்பினார்கள். அவள் போன் பழசு. அதற்கு அப்டேட் வருவது எப்போதோ நின்றுவிட்டது. நான் போட்ட திருத்தம் அவளுக்கு மட்டும் போய்ச் சேராது. பட்டன் போனுக்கு மாறிவிட்டாள். இப்போது வீடு வீடாக நடந்து போய்க் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறாள்.

திருத்தத்தில், பிழையைக் கண்டுபிடித்தவர் பெயருக்கென்று ஒரு வரி உண்டு. அதில் உன் பெயர் இருந்திருந்தால் அப்பா மதுராந்தகம் வரை சொல்லிக்கொண்டு போயிருப்பார். அந்த வரியை எழுதாமல் விட்டேன். அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இதுபோல் வேறு என்னென்ன ஓட்டைகளை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறாய்? எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு. ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன். ஒவ்வொன்றாக உட்கார்ந்து அடைக்கிறேன். பொங்கலுக்கு நீ வருவாயா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அனுப்பிவிட்டு வா.

உன் அக்கா,
வைஷாலி