கோவில்பட்டி வீட்டுச் சாவி

பங்குனி 18, இரவு.

கோவில்பட்டி வீட்டில் மிளகாய் வத்தல் மூட்டைகளை இறக்கப் போனேன். விலை ஏறும்வரை வருஷா வருஷம் அங்கேதான் அடுக்குகிறோம். மகன் வாசலை மறித்தான். "நெடி தாங்கலம்மா, பிள்ளை இருமுது. வேற எங்கனயாவது வையேன்." கல்யாணமானதிலிருந்து வாடகையில்லாமல் அங்கே இருப்பவன் பேச்சு இது! முன்னறையிலேயே இறக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

"வாடகை வாங்கு. அப்பத்தான் யாரு வீடுன்னு அவனுக்கு உறைக்கும்" என்கிறார் அவன் அப்பா. விவரமில்லாதவர். வாடகை வாங்கினால் நான் கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். இப்போது என் சாவியைப் போட்டுத் திறக்கிறேன்.

நாளை டெம்போ அனுப்பி மூட்டைகளை எடுத்துவிடுவேன். அவன் சொன்னதற்காக இல்லை. தெருமுனை வரைக்கும் பேத்தி இருமியது கேட்டது. சாவி என்னிடமேதான் இருக்கும்.