பிரஸ்டன்: பெட்ரோல், இருபது நிமிடம்

பிளசன்டன், கலிபோர்னியா
20.4.2000, வியாழன்

அன்புள்ள எழிலுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் யோகேஸ்வரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. எனக்குச் சுகம். உன் தம்பி பிரகாஷ் டேவிஸ் காலேஜில் இருக்கிறான், பரீட்சை வந்தால் மட்டும் அவனுக்குச் சளி பிடிக்கிறது. அப்பாவுக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை, கொலஸ்ட்ரால்கூட இறங்கிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியான பேச்சு இல்லை. காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் முடியாது. நான் கீழே பேச ஆரம்பித்ததும் அப்பா மாடியில் இன்னொரு போனை எடுத்துக்கொள்வது உனக்கே தெரியும். பேசமாட்டார், மூச்சு மட்டும் வரும். உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றரை வருஷமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர், உன்னுடைய ஒரு போனைக்கூடத் தவறவிட்டதில்லை. ஈமெயிலும் வேண்டாம், அது அவர் பெயரில் இருக்கிறது.

ஜூனில் இங்கிலாந்து வருகிறோம் என்று சொன்னேனே, எட்டு நாள். லண்டனில் இறங்கி, கார் எடுத்து, சுற்றிவிட்டு லண்டனிலேயே ஏறுவது. உங்கப்பா சுற்றிப் பார்ப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது, நீ எங்களோடு இந்த நாட்டில் இருந்ததில்லை. எழுதுகிறேன். கிராண்ட் கேன்யனுக்கு இருபத்தைந்து நிமிடம். அதில் பாத்ரூம் பத்து. கூலரில் புளிசாதம், டிக்கியில் ரைஸ் குக்கர், மோட்டல் அறையில் தாளித்தால் வாசம் வெளியே போகாமலிருக்கக் கதவடியில் ஈரத் துண்டு. யெல்லோஸ்டோனில் வெந்நீர் பூமியிலிருந்து பீறிடும் இடத்துக்குப் போனோம், அடுத்த பீறல் நாற்பது நிமிடத்தில் என்று பலகையில் எழுதியிருந்தது. அப்பாவின் பயணத் தாளில் அந்த இடத்துக்கு இருபது நிமிடம்தான். கிளம்பிவிட்டோம். அதன் படத்தைக் கடையில் போஸ்ட்கார்டாக வாங்கி, பார்த்தாச்சு என்று டிக் அடித்தார்.

இந்தத் தடவை நான் வேலை செய்யும் லைப்ரரியிலிருந்து பிரிட்டனின் ரோடு மேப் புத்தகத்தை நானே எடுத்துவந்து கொடுத்தேன். ஒரு மாதம் அதோடு உட்கார்ந்தார். கார்ன்வால், வேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்து. எட்டு நாளில் எது என்றுதான் மற்றவர்கள் கேட்பார்கள். அப்பா நாலும் என்றார். ஊருக்கு ஊர் போட்டிருந்த எண்களைக் கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர்தான் வருகிறதாம், அதாவது ஆயிரத்துச் சொச்சம் மைல், அதெல்லாம் நமக்கு ஒரு வீக்கெண்டு என்றார். "உலகம் பூரா கிலோமீட்டர் வசந்தா. இந்த அமெரிக்காக்காரன் ஒருத்தன்தான் மைலைக் கட்டிட்டு அழறான்." பத்து வருஷமாக இந்த நாட்டில் அவர் சொல்லிவருவது இதுதான். நான் மேப்பில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேல்ஸிலிருந்து லேக் டிஸ்ட்ரிக்டுக்குப் பெரிய ரோடு நேராக மேலே போகிறது, உன் பிரஸ்டனை ஒட்டிக்கொண்டு. எங்கள் வழிக்கு அப்பா போட்டிருந்த மஞ்சள் கோடு அங்கே வந்ததும் வலது பக்கம் வளைந்து, யார்க் வரைக்கும் போய், திரும்பி வந்து சேர்கிறது. ரோட்டில் பள்ளம் இருந்தால் வண்டியை ஒடிப்பார்களே, அப்படி. ஏனுங்க என்று கேட்டேன். யார்க்கில் பழைய கோட்டைச்சுவர் இருக்கிறதாம். கோட்டைச்சுவர் மேல் உங்கப்பாவுக்கு இத்தனை பிரியம் என்று முப்பது வருஷத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஏப்ரல் முதல் வாரம் உன் கடிதம் வந்தது. உன் வீட்டிலிருந்து விண்டர்மியர் ஏரி நாற்பத்தைந்து மைல், யோகேஸ்வரன் ஓட்டினால் ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தாய். அன்று மத்தியானமே மேப் புத்தகத்தைப் பிரித்து அந்தத் துண்டுகளைக் கூட்டினேன். நாற்பத்தைந்து. புத்தகத்தில் இருந்ததெல்லாம் மைல். அப்பாவின் ஆயிரத்து எழுநூறும் மைல். அவர் மனதில் இருந்த நாட்டைவிட நிஜ நாடு ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான்.

ஞாயிற்றுக்கிழமை சான் ரமோன் கிளப்ஹவுஸில் தமிழ் வருஷப்பிறப்பு பாட்லக், வீட்டுக்கு ஒரு பதார்த்தம். முப்பது பேர். சாப்பாடானதும் அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த புரொஜெக்டரைப் போட்டு நம் பயணத்தைச் சுவரில் காட்டினார். மஞ்சள் கோடு கை கனத்துக்கு விழுந்தது. ஆளாளுக்கு ஒரு யோசனை. கஸ்தூரிரங்கன் அங்கிளை உனக்குத் தெரியாது, அப்பாவோடு வேலை பார்ப்பவர், லண்டனில் நாலு நாள் மீட்டிங்குக்குப் போய்வந்ததிலிருந்து பிரிட்டனுக்கு அவர்தான் பொறுப்பு. ஸ்காட்லாந்து தவிர மற்றதெல்லாம் வேஸ்ட் என்றார். ஸ்காட்லாந்துக்கு அவர் போனதில்லை. பவளம் ஆன்ட்டி, நம் கரூர்ப் பக்கத்துக்காரர், லேக் டிஸ்ட்ரிக்ட் அச்சு அசல் ஊட்டி என்று கேள்விப்பட்டாராம். ஊட்டியைப் பார்க்கப் பத்தாயிரம் மைல் தள்ளி வந்து, அங்கிருந்து ஐயாயிரம் மைல் போகவேண்டும். எல்லோரும் பேசி முடித்ததும் அப்பா நாலும் முடியும் என்று அறிவித்தார். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் என்றார். கை தட்டினார்கள். அப்போதுதான் சொன்னேன்.

"ஏனுங்க, அது கிலோமீட்டர் இல்லீங்க. மைலுங்க."

உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். கேட்பார் என்று தெரியும். அதற்காகத்தான் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"எழில் எழுதியிருக்கறாளுங்க. அவ ஊட்டுல இருந்து ஏரிக்கு நாப்பத்தஞ்சு மைலாமுங்க. நம்ம மாப்பிள்ளை ஓட்டுனா ஒரு மணி நேரமாமுங்க."

மாப்பிள்ளை. அந்த வார்த்தையை முப்பது பேர் நடுவில் வைத்தேன். இங்கே எல்லோரிடமும் அப்பா சொல்லிவைத்திருப்பது உனக்குத் தெரியாது. எழில் மேலே படிக்கிறாள், இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். ஒன்றரை வருஷமாக அதே வசனம். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரிரங்கன் அங்கிளுக்கு மட்டும் ரோடு தவிர ஒன்றும் காதில் விழாது. சுவருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தேடினார். பிரஸ்டனைக் கண்டுபிடித்தார். "மாரிசாமி, பொண்ணு ஊர் வழியா ஹைவே ஸ்ட்ரெய்ட்டா போறதே, நீங்க ஏன் இப்படிச் சுத்திண்டு போறேள்?" என்றார். அப்பா புரொஜெக்டரை அணைத்தார். பவளம் ஆன்ட்டி தன் டப்பர்வேரைக் கழுவித் துடைத்து மூடியபிறகு என்னிடம் வரவில்லை, நேராக அப்பாவிடம் போனார். அப்ப எங்க அண்ணன் பையன் ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துருங்கண்ணா என்றார். அந்த ஜாதகம் எட்டு மாதமாக நம் பீரோவில் இருக்கிறது. எனக்கே அப்போதுதான் தெரியும்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் அப்பா நம் எக்ஸிட்டை விட்டுவிட்டார். எக்ஸிட்டை விட்டு நான் பார்த்ததே இல்லை. சுனோல் வரைக்கும் போய்விட்டோம். அங்கேதான் கேட்டார், எத்தனை நாளாகத் தெரியும் என்று. எதுங்க, மைலா என்றேன். வண்டியைத் திருப்பினார்.

உனக்குத் தெரியவேண்டியது ஒன்று. உங்கப்பாவுக்கு யோகேஸ்வரன்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது, பார்த்தால்தானே கோபப்பட. போன பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து உலகத் தமிழர் எல்லாம் ஒரே குடும்பம் என்று இருபது நிமிடம் பேசினார். அதில் யாழ்ப்பாணத்தைச் சொன்ன இடத்தில் குரல் தழுதழுத்தது, நான் முன் வரிசையில் இருந்தேன். அந்தக் குடும்பத்தில் ஒரு பையன் அதற்கு முன்னாலேயே அவருக்கு மருமகனாக வந்திருந்தான். வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, அவன் ஊரான பருத்தித்துறையில் அவன் என்ன கூட்டம் என்பது. அங்கே ஏது நம் ஊர்க் கூட்டமும் குலமும். இரண்டாவது, பெட்ரோல் ஸ்டேஷனில் நிற்கிறவனா என்பது. அக்கவுண்டன்சி படித்துக்கொண்டு வார இறுதியில் நிற்கிறான் என்று நீ எழுதியதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை புதுத் தாள் வந்தது. கார்ன்வால் இல்லை, வேல்ஸ் இல்லை, யார்க்கும் அதன் சுவரும் இல்லை. கோடு நேராகிவிட்டது. லண்டன், லேக் டிஸ்ட்ரிக்ட், எடின்பரோ, அதன் பக்கத்தில் அப்பாவின் ரயில் பாலம். சிவில் படித்த காலத்திலிருந்து அவர் பார்க்க ஆசைப்படும் பாலம் அது, முப்பத்தைந்து வருஷ ஆசை, அதை நான் கேலி செய்யமாட்டேன். நடுவில் ஒரு வரி. பிரஸ்டன்: பெட்ரோல், 20 நிமிடம்.

இருபது நிமிடம். வெந்நீருக்குக் கொடுத்ததும் அதேதான்.

நேற்று சொல்லிவிட்டேன். பிரஸ்டனில் என் பெட்டியோடு இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் பாலம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெட்ரோல் போட நிறுத்தினால் ஏறிக்கொள்கிறேன், நிறுத்தாவிட்டாலும் பரவாயில்லை என்று. தனியாக இருந்துகொள்வாயா என்றார். என் பெண் வீட்டில் இருப்பது தனியாகவா என்றேன். அவனுடைய வீட்டில் நான் எப்படி வந்து உட்காருவது, பெட்ரோல் போடுகிறவன் என்று ஆரம்பித்தார். அப்போது ஹில்கிராஃப்ட் என்று ஒரு பெயரை மட்டும் சொன்னேன். உனக்கு இதை நாங்கள் சொன்னதில்லை. தொண்ணூறில் அப்பா ஹூஸ்டனில் வந்து இறங்கியபோது, கூட்டிவந்த கம்பெனியிடம் அவருக்கு வேலை இல்லை. ஆறு மாதம் ஹில்கிராஃப்டில் ஒரு மளிகைக் கடையில் நின்று துவரம்பருப்பு நிறுத்துப் போட்டார். எனக்கு மெட்டீரியல்ஸ் டிபார்ட்மென்ட் என்று கடிதம் வந்தது. நீ அதை உன் ஹாஸ்டல் முழுக்கப் பெருமையாகச் சொன்னாய். அதற்காக அவரைக் குறைவாக நினைக்காதே. நானும் நினைத்ததில்லை. அவர்தான் நினைக்கிறார்.

கண்ணு, இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கிரீன் கார்டு கைக்கு வந்தபோது உனக்கு இருபத்தொன்று முடிந்து நாற்பது நாள். பிரகாஷுக்குக் கிடைத்தது, இருபத்தொன்றைத் தாண்டிவிட்டதால் உனக்கு இல்லை. நாற்பது நாள்தானே, ஏதாவது பண்ணலாம் என்று அப்பா ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். உன்னைக் கோயம்புத்தூரில் விட்டு வந்தோம் என்ற வார்த்தை இந்த வீட்டில் புழங்குவதில்லை, எழில் அங்கே படிக்கிறாள் என்பதுதான் புழக்கம். இப்போது பிரிட்டனில் படிக்கிறாள். நானும் நாலு வருஷமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர் எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு எட்டு நாளில் பார்க்க ஒரு இடம்தான் இருக்கிறது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

இன்று காலை அப்பா ஆபீஸ் போனபின் தாளைப் பார்த்தேன். இருபது நிமிடத்தைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். பிரஸ்டன்: பெட்ரோல், ஆயில் செக், டயர் செக், ஓர் இரவு. வாடகைக் கார், எழில். அதன் டயரை ராத்திரி முழுக்கப் பார்க்கவேண்டுமாம். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பேனாவில் போடவில்லை, பென்சில். ஓர் இரவுக்கும் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார், அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

யோகேஸ்வரனிடம் சொல்லிவை. ஜூன் பன்னிரண்டாம் தேதி வாக்கில் முன்வழுக்கையோடு, கோடையிலும் விண்ட்சீட்டர் போட்ட ஒருவர் பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் வந்து வழி கேட்டால், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவேண்டாம், மாமா என்று பாய்ந்துவிடவேண்டாம். நிதானமாக வழி சொல்லட்டும். அவர் திருத்துவார். திருத்த விடட்டும்.

நீ ட்யூட்டி டாக்டர் என்று சொல்லிச் சாப்பிடாமல் இருக்காதே, இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவருக்கொருவர் பொய் சொல்லத் தேவையில்லாத வீட்டில் இருக்கவேண்டும் என்பது என் ஆசி. இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், யோகேஸ்வரனுக்கும் வாசித்துக் காட்டு.

மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது மாடியில் மூச்சுச் சத்தம் கேட்கும். வழக்கம்போல் கேட்காத மாதிரி இருக்காதே. அப்பா என்று கூப்பிடவும் வேண்டாம், வைத்துவிடுவார். லண்டனிலிருந்து பிரஸ்டனுக்கு எந்த ரோடு நல்லது, எங்கே எக்ஸிட் எடுக்கணும் என்று பொதுவாகக் கேள். வழி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க உங்கப்பாவால் முடியாது.

உன் அம்மா,
மா. வசந்தாமணி