நாவல் மரத்துக்கு அங்கால நின்றவளுக்கு

என் செல்ல மச்சி சல்மாவுக்கு, உன் கபுறிலே வெளிச்சம் நிறையட்டும். ஸலாம்.

நீ அடங்கியிருக்கிற கபுறடிக்கு நம் பெண்கள் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை கண்டால் சிரித்துக்கொள். என்னைப் பார்த்துச் சிரிப்பதுதானே எப்போதும் உன் வேலை?

முதலில் நல்ல செய்தி. உன் மகள் நஸ்ரினுக்கு நிக்காஹ் பேசியாயிற்று. நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை எங்கே வந்து குடியிருப்பது? இறக்காமத்து வளவுக் காணியில் வீடு கட்டுகிறார்கள். மற்றது கெட்ட செய்தி. அத்திவாரம் விழுகிற இடத்தில்தான் உன் நாவல் மரம் நின்றது.

தறிப்பதற்கு முதல்நாள் ஒரு போத்தலோடு போனேன். அதிலே ஓடுகிற உன் ‘மாப்பிள்ளை’ வண்டுகளைப் பிடித்து என் மாமரத்தில் விடலாம் என்று நினைப்பு. கறுப்பு உடம்பு, ஒட்டிய இடுப்பு, நெட்டைக் கால். பார்ப்பவர்கள் பெரிய எறும்பு என்பார்கள். ஆனால் அது மரத்திலே ஓடி ஓடி அந்த எறும்பையே பிடித்துத் தின்னும். நீதானே பேர் வைத்தாய்?

"வீட்டோட வந்த மாப்பிள்ள மாதிரிகா. நாம வேல சொல்ல இஞ்சால போனா, அவர் அங்கால போயிருவார்."

என் கூடப்பிறந்த காக்கா, உன் புருஷன், அதைக் கேட்டுக்கொண்டேதான் தேத்தண்ணி குடித்தார்.

அதற்குப் பறக்கத் தெரியாது மச்சி. மரம் விழுந்தால் எங்கே போகும்?

நான் ஒரு பக்கம் போக அது மறுபக்கம் போயிற்று. சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்தது. முன்பென்றால் நான் துரத்துவேன், நீ அங்கால கையை விரித்துக்கொண்டு நிற்பாய். பழக்கம், வாயில் வந்துவிட்டது.

"அந்தா வருது, புடிகா."

மரத்துக்கு அங்கால ஒரு சத்தமும் இல்லை.

வேரிலே குந்திவிட்டேன். உன் ஜனாஸாவை அடக்க எடுத்துப்போன அன்றுகூடப் பகிடி விட்டுச் சிரிக்கவைத்து மற்றவர்களைத் தேற்றியவள் நான். அந்த மரத்தடியில்தான் முதல்தடவையாக உனக்காக வாய்விட்டு அழுதேன்.

நஸ்ரின் ஓடி வந்தாள். "மாமி, யாரோட கதைக்கிறீங்க?"

"உன்ட உம்மாவோடதான் புள்ள. பதில் தாறாளில்ல. பெரும கூடிட்டு அவளுக்கு."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் விம்மினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அங்கால நிக்கட்டா மாமி?" என்றாள்.

கொஞ்சம் பிடித்தோம். மற்றவை உச்சிக்கு ஓடிவிட்டன. மரம் விழுந்த பிறகு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மாமரத்தில் விட்டவற்றையும் காலையில் தேடினேன், ஒன்றும் கண்ணில் படவில்லை. நான் எந்தப் பக்கம் போனாலும் அது மறுபக்கம்தானே இருக்கும். நீயும் அப்படித்தானா மச்சி?

நிக்காஹ் அன்று மகளுக்குச் சீலை உடுத்திவிடுவது உம்மாவின் வேலை. அதை நான் செய்கிறேன். அழமாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவளை ஒரு தடவையாவது சிரிக்க வைக்காமல் அறையை விட்டு வெளியே விடமாட்டேன். இது என் வாக்கு.

உன் புருஷனின் தங்கச்சி,
உன் வாயாடி மச்சி ரஹீமா